வயரை இழுக்காத றம்லத்

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் முஹ்ஸின் நானாவின் போட்டோகொப்பிக் கடை இருந்தது. டைப்பிங்கும் உண்டு. கம்பியூட்டர் ஸ்டக் ஆனால் அங்கே ஒரே வைத்தியம்தான்: வயரை இழு. அதைச் செய்யாத ஒரே ஆள் றம்லத். குண்டசாலையிலிருந்து தினமும் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வருகிறவள், வயது முப்பத்தெட்டு, மூக்கு நுனியில் கோபம்.

அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது. பதினொரு வருஷம் ஒரு தையல் ஃபெக்டரியில் வேலை செய்தாள். ஒருநாள் காலை போனால் கேட்டில் பூட்டு. அவளுடைய சாப்பாட்டுப் பெட்டி, கண்ணாடி, தொழுகைத் துணி எல்லாம் உள்ளே. திரும்பக் கிடைக்கவேயில்லை. நாளைக்கு மூடப்போகிறோம், உங்கள் சாமானை எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதல்நாள் சொல்லியிருந்தால் வாயா தேய்ந்துபோயிருக்கும்?

பிறகுதான் கம்பியூட்டர் வகுப்புக்குப் போனாள். ஓடுகிற புரோகிராமை இயங்குதளம் இரண்டு விதமாக நிறுத்தும் என்றார் படிப்பித்த சேர். முதலாவது, ‘முடித்துக்கொள்’ என்று சொல்லும். புரோகிராம் கையில் உள்ளதைப் பத்திரப்படுத்தி, திறந்ததை மூடிவிட்டுப் போகும். இரண்டாவதில் சொல்வதே கிடையாது. அந்த இடத்திலேயே கொன்றுவிடும். கையில் இருந்தது கையோடு போகும். வயரை இழுப்பது அதைவிட மோசம். மற்றவர்கள் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். றம்லத்துக்குச் சாப்பாட்டுப் பெட்டி ஞாபகம் வந்தது.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் ஒரு காலை, கலஹா தோட்டத்திலிருந்து சுப்பம்மா வந்தாள். ஐம்பத்தாறு வயதாகியும் பிறப்புச் சான்றிதழ் இல்லை. அது இல்லாமல் அடையாள அட்டையும் இல்லை. அவள் பிறந்ததை அறிந்தவர்களில் உயிரோடு இருந்தது கறுப்பையா ஒருவர்தான். தோட்டத்து வரிசைவீடான லயத்தில் அடுத்த வீட்டுக்காரர், எண்பத்தேழு வயது; அவரையும் கூட்டி வந்திருந்தாள். அவர் சொல்வதைச் சத்தியக்கடதாசியாக எழுதி, மாடியில் இருக்கும் சமாதான நீதவான் முன்னால் பெருவிரல் வைக்க வேண்டும்.

“கிழவருக்குப் புத்தி வரும், போகும் புள்ள. இன்னைக்கி நல்லா இருக்காரு. சுருக்கா எழுதிரு,” என்றாள் சுப்பம்மா.

கறுப்பையா சொல்லச் சொல்ல றம்லத் தட்டினாள். ஒன்றரை மணி நேரம். மருத்துவச்சி பெயர், லய நம்பர், அன்றைக்குப் பெய்த மழையில் கூரைத் தகரம் பறந்தது, எல்லாம் வந்தன. அந்தக் கடையில் யாருடைய கடுதாசியையும் சேமித்து வைப்பதில்லை. குடும்ப விஷயம் மெஷினில் கிடக்கக் கூடாது என்று சனங்கள் சண்டைக்கு வருவார்கள். ஆகவே பழக்க தோஷத்தில், சேமிக்காமலே பிரிண்ட் கொடுத்தாள். திரை உறைந்து நின்றது. ஐயோ!

“என்னா புள்ள, எல்லாம் போயிருச்சா?”

“இல்ல அக்கா, பொறுங்க.”

கறுப்பையா கதிரையில் அசைந்தார். “நாம எதுக்கு ஆயி இங்க வந்தோம்?” என்று கேட்டார். சுப்பம்மாவின் முகம் செத்துப்போனது.

வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முஹ்ஸின் நானா மேசைக்கடியில் குனிந்தார். “வயர இழு புள்ள! இன்னொருக்கா டைப் பண்ணினாச் சரிதானே.”

“கைய எடுங்க நானா!” றம்லத் போட்ட சத்தத்தில் போட்டோகொப்பி எடுத்துக்கொண்டிருந்தவன்கூடத் திரும்பிப் பார்த்தான். “யாரு நானா இன்னொருக்காச் சொல்லுற? அவருக்கு மறந்து பெய்த்து.”

நானா கையை எடுத்தார்.

வேறொரு சாளரத்தில் அவள் ‘முடித்துக்கொள்’ என்ற கட்டளையை அனுப்பினாள். ஒன்றும் நடக்கவில்லை. கொல்லும் கட்டளை ஒரு விசைத் தூரத்தில் இருந்தது. விரல் அங்கே போகவில்லை. சொன்னது அதற்குக் கேட்கவில்லை, அது வேறெதற்கோ காத்துக்கிடக்கிறது என்று நினைத்தாள். எதற்கு? பிரிண்டரைப் பார்த்தாள். சிவப்பு விளக்கு. மூடியைத் திறந்தால் உள்ளே கசங்கிய தாள் ஒன்று மாட்டியிருந்தது. கிழியாமல் மெல்ல உருவினாள், மூடியை அழுத்தினாள்.

பிரிண்டர் உறுமியது. முன்பு சொன்னது இப்போதுதான் கேட்டதுபோல், கடுதாசி இருந்த சாளரம் தானாக மூடிக்கொண்டது. அல்லாஹ்வே என்று றம்லத் புரோகிராமைத் திரும்பத் திறந்தாள். ‘மூடுமுன் பத்திரப்படுத்திய பிரதி ஒன்று உள்ளது, வேண்டுமா?’ என்று கேட்டது. வேண்டுமாவாம்! ஒரு எழுத்துக் குறையாமல் அத்தனையும் இருந்தது.

முதல் வேலையாகச் சேமித்தாள். பிறகு அச்செடுத்து, முறைப்படி கறுப்பையாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினாள். மழை, தகரம், மருத்துவச்சி, விடியற்காலையில் கேட்ட பிள்ளை அழுகை. கிழவர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டே கேட்டார். வாசித்து முடிந்ததும் சுப்பம்மாவின் பக்கம் திரும்பினார்.

“இத யாரு ஆயி சொன்னது?” என்று கேட்டார். “எவனோ கூட இருந்து பாத்தவன். எல்லாம் நெசம். எங்க, வெரல வைக்கிறேன்.”