கலாவதியின் பித்தளை பேட்ஜ்

பேட்ஜை முந்தானையால் இரண்டு தரம் துடைத்து, வாயால் ஊதி, மறுபடியும் துடைத்து, அப்புறம்தான் கலாவதி அதை வலது தோளில் ரவிக்கையில் குத்திக்கொள்வாள். பிறகு விற்பனைக் கூடத்துக் கண்ணாடியில் ஒரு பார்வை. பொட்டைப் பார்க்கமாட்டாள். பேட்ஜ் நேராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் நெசவாளர் சங்கத்துக்கு வருகிறவர்களை வரவேற்பது, நெசவை விளக்குவது, கோபத்தோடு வருகிறவர்களைக் குளிரவைத்து அனுப்புவது, எல்லாம் அவள் வேலை. திருப்பருத்திக்குன்றத்திலிருந்து நடந்தே வருவாள். வழியில் பத்துப் பேரோடு பேசவில்லை என்றால் அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம்.

பின்கட்டில் ராட்டையில் நூல் சுற்றுகிறவள் நான். அவள் சென்னைக்குப் போய் மக்கள் தொடர்புப் பரீட்சை எழுதப் போகிறேன் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேசுவதற்குப் பரீட்சை என்றால், மூச்சு விடுவதற்கு எப்போது வைக்கப்போகிறார்கள் என்று கேட்டேன்.

"சிரிக்காத ஆயா. மணிக்கணக்கா சொல்லிக்கினு இருக்கேன், கடைசில 'பெரியவங்க யாருனா இருந்தா கூப்பிடும்மா'ன்றாங்க" என்றாள்.

அது உண்மைதான். பரீட்சையில் தேறி பேட்ஜ் வந்த பிறகு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. எனக்குப் படிக்கத் தெரியாது. அதில் என்ன எழுதியிருந்தாலும் எனக்கு அது பித்தளைதான். ஆனால் அந்தப் பித்தளைக்கு முன்னால் ஆட்கள் குரலைத் தாழ்த்துவதைக் கண்ணால் பார்த்தேன்.

சண்டைக்கு வருகிறவரிடம் முதலில் என்ன செய்வாய் என்று பரீட்சையில் கேட்டார்களாம். குடிக்கத் தண்ணீர் கொடுப்பேன் என்று எழுதினாளாம். முழு மார்க்கு. அதை நானே சொல்லியிருப்பேன்.

ஒரே ஒரு தொல்லை. தெரிந்து பொய் சொல்வதில்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் பேட்ஜைக் கொடுத்தார்களாம். கலாவதி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். என் புளிக்குழம்பு எப்படி என்று கேட்டால், பேட்ஜை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "பஷ்டா இருக்குது ஆயா" என்பாள். தனக்கு வரப்போகிற மாப்பிள்ளை அழகா என்று என்னோடு நூல் சுற்றும் அம்சா கேட்டபோது இரண்டு கையாலும் பொத்தினாள்.

போன மாசியில் வேலூரிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வந்தது. பன்னிரண்டு புடவை எடுத்துவைத்தாயிற்று. பெண்ணின் அம்மா மட்டும் அரக்குப் புடவையைத் தடவிக்கொண்டே, "இது கோர்வைதானே?" என்று கேட்டாள். குறுக்கு நூலை ஓட்டும் நாடாவை உடலுக்கு ஒன்று, கரைக்கு வேறு என்று ஓடவிட்டு, இழைக்கு இழை கோத்து நெய்வது கோர்வை; அதற்கு மதிப்பும் விலையும் அதிகம். இது ஒரே நாடாவில் நெய்தது. நூல் சுற்றிக் கொடுத்தவள் நான், எனக்குத் தெரியும். கலாவதிக்கும் தெரியும்.

அவளுக்குப் பின்னால் சங்கத் தலைவர் ஆதிகேசவன் நின்றிருந்தார். கலாவதி இன்னும் தற்காலிகம்தான். நிரந்தரம் ஆக்கும் தாளில் அவர் கையெழுத்து அந்த வாரம் விழ வேண்டும்.

"சொல்லும்மா. இன்னா யோசிச்சிக்கினு நிக்கிற?" என்றார்.

நான் ராட்டையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன். பொத்துடி, ஒரு கைதானே, என்று மனசுக்குள் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

கலாவதியின் கை மெல்லத் தோளுக்குப் போனது. புடவைகளைப் பிரித்துப் பிரித்துப் போட்டதில், தோளைச் சுற்றிப் போட்டிருந்த முந்தானை சரிந்து பேட்ஜின் மேல் விழுந்திருந்தது. அவள் முந்தானையை விலக்கிவிட்டாள்.