குரங்கேறாக் கல்லில் தொங்கிய மாப்பிள்ளை

வேலணைத் தீவில் மலை கிடையாது. அங்கே ஏறுவதற்கென்று இருந்தது பனை ஒன்றுதான். அதில் ஏறும் வேலையையும் ஒரு சாதியின் தலையில் கட்டிவிட்டு, மற்றவர்கள் கீழே நின்று கள்ளை மட்டும் சாதி பாராமல் குடித்துவந்தார்கள். ஏரம்புவுக்கோ சிறுவயதிலிருந்தே கால் நிலத்தில் நிற்காது. ஒருமுறை பனையில் பாதி ஏறிவிட்டார். சனம் என்ன கதைக்கும் என்று தகப்பன் அடித்த அடியில், மீதிப் பனையை அவர் கனவில்தான் ஏறி முடித்தார்.

முத்தையன்கட்டுக் குளத்தின் கீழே குடியேற்றக் காணி கொடுக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது, மற்றவர்கள் வயல் எவ்வளவு, மேட்டுநிலம் எவ்வளவு என்று விசாரித்தார்கள். ஏரம்பு விசாரித்தது அந்தப் பக்கம் கல்லுமலை இருக்கிறதா என்று. இருந்தது. நாயாற்றுக்குப் போகும் காட்டுக்குள் குரங்கேறாக் கல் என்று ஒன்று. குரங்குகள் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, வீட்டில் வேலை இருக்கிறது என்பதுபோலத் திரும்பிவிடுமாம். முக்கியமான விஷயம், கல்லில் ஏறுவதற்கென்று எந்தச் சாதியும் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. வேலணையார் மலையைக் கண்டதில்லை, ஆகவே ஒதுக்க மறந்துபோனார்கள்.

அறுபதாம் ஆண்டளவில் ஏரம்பு ஒரு சூட்கேஸும் ஒரு றலி சைக்கிளுமாகக் குடியேறினார். முதற்போகம் விதைக்கும் முன்னரே முத்தலிப்பைக் கண்டுபிடித்துவிட்டார்.

முத்தலிப் முல்லைத்தீவுச் சந்தையில் புடைவை விற்பவர். தேன் காலம் வந்தால் கடையைப் பூட்டிவிட்டு, மச்சான் அன்ஸாரைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கிவிடுவார். குரங்கேறாக் கல்லின் பின்பக்கம் கைகால் வைத்துத் தொற்றி ஏறலாம். முன்பக்கம் சுவர் மாதிரி. தேன்வதைகள் எல்லாம் அந்தச் சுவரில்தான் தொங்கும். உச்சியில் நிற்கும் பாலைமரத்தில் எருமைத்தோல் வார்க்கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, அன்ஸார் பிடிக்க, முத்தலிப் இறங்குவார்.

அவர்களுக்கு வாப்பா காலத்துச் சட்டங்கள் இரண்டு இருந்தன. கயிற்றில் இறங்குகிறவன் வாய் மூடக்கூடாது. எதையாவது கதைத்துக்கொண்டே இருக்கவேண்டும். மேலே நிற்பவர்களுக்கு அவன் தெரியமாட்டான், சத்தம்தான் தெரியும். சத்தம் நின்றால் கேள்வி கேளாமல் இழுத்துவிடுவார்கள். இரண்டாவது சட்டம், கயிற்றைப் பிடிப்பவன் இறங்குகிறவனின் பெண்சாதியோடு கூடப்பிறந்தவனாக இருக்கவேண்டும்.

முதல் பயணத்திலேயே ஏரம்பு அவர்களுடைய மூன்றாவது ஆளாகிவிட்டார். பின்பக்கத்தால் அவர் ஏறிய வேகத்தைப் பார்த்த முத்தலிப், இந்த மனுசன் பிறந்தபோது வால் விழுந்திருக்கவேண்டும் என்றார். உச்சியில் மூவரும் ஒரே போத்தலில் தேத்தண்ணீர் குடித்தார்கள். கீழே காடு பச்சைக் கம்பளமாய்க் கிடந்தது, தூரத்தில் நாயாறு மின்னியது. வேலணையின் பனையெல்லாம் தன் முழங்காலுக்கு வராது என்று ஏரம்பு அன்றைக்கு உணர்ந்துகொண்டார். ஆனால் முன்பக்கச் சுவரில் இறங்கக் கேட்டபோதுதான் இரண்டாவது சட்டம் குறுக்கே வந்து விழுந்தது.

"அன்ஸார் பிடிக்கட்டுமே, நானா," என்று அண்ணன் முறை சொல்லிக் கேட்டார் ஏரம்பு.

"தம்பி, நீ விழுந்தா அவனுக்கு ஒரு நாள் கவலை," என்றார் முத்தலிப். "நான் விழுந்தா அவன்ர ராத்தா, என்ர பெண்சாதி, ஆயுசு முழுக்க அவனைத் திட்டுவா. அந்தப் பயம்தான் கயிறு. தோல் சும்மா பேருக்கு."

முப்பது வயதுவரை கலியாணப் பேச்சை எடுத்தாலே சைக்கிளில் ஏறி ஓடிய ஏரம்பு, அந்தக் கிழமையே தரகர் சிற்றம்பலத்தைத் தேடிப் போனார். சீதனம் வேண்டாம், நிறம் முக்கியமில்லை, பெண்ணுக்கு ஒரு அண்ணன் இருக்கவேண்டும், சாதகம் பார்க்கமுன் அவனுடைய தோளைப் பார்க்கவேண்டும் என்றார். தரகர் எத்தனையோ விசரர்களுக்குக் கலியாணம் பேசியவர். ஆகவே மறுபேச்சில்லாமல் செட்டிகுளத்துக்குக் கூட்டிப்போனார்.

அங்கே கனகலிங்கம் இருந்தான். காட்டெருமைக்கு வார் எறிந்து பிடிக்கிறவன். எருமை ஒருபக்கம் இழுக்க, மறுபக்கம் வெற்றிலையை மென்றுகொண்டு நிற்பானாம்; வெற்றிலை முடியும்போது எருமைக்கு அலுத்துவிடுமாம். தங்கை பத்மாசனி தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். ஏரம்பு கனகலிங்கத்தின் மணிக்கட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கோப்பையை வாங்கினார். வாழைப்பழத் தட்டு வருமுன்னரே ஓம், சம்மதம் என்றார். பெண் வீட்டார் இவ்வளவு அடக்கமான மாப்பிள்ளையைக் கண்டதேயில்லை என்று புளகாங்கிதம் அடைந்தார்கள்.

கலியாணம் முடிந்து அடுத்த தேன் காலத்தில் ஐந்து பேராகக் குரங்கேறாக் கல்லுக்குப் போனார்கள். பத்மாசனியை யாரும் அழைக்கவில்லை. கட்டுச்சோற்றை ஆண்கள் தூக்கினால் கொட்டிவிடும் என்று சொல்லி, தானே தூக்கிக்கொண்டு பின்பக்கத்தால் ஏறிவந்துவிட்டாள். உச்சியில் முத்தலிப் பச்சிலைப் புகை மூட்டினார். கனகலிங்கம் பாலைமரத்தடியில் காலை ஊன்றிக் கயிற்றைப் பிடித்தான். ஏரம்பு இடுப்பில் கயிற்றோடு விளிம்பில் மறைந்தார். வயலில் தண்ணீர் பாயாத கதை, நாயாற்று இறால் விலை என்று அவருடைய குரல் மட்டும் கீழேயிருந்து வந்துகொண்டிருந்தது. அவ்வளவு சந்தோசமான குரலில் அவர் கதைத்துப் பத்மாசனி கேட்டதில்லை.

சும்மா இருந்த அன்ஸார் கட்டுச்சோற்றை அவிழ்த்தான். பருப்புக்கறி நாக்கில் பட்டதும் அவனுக்கு நன்றி பெருகியது. அதற்கு ஈடாக அவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல விரும்பினான்.

"அக்கா, உங்கட அண்ணன்ர கையைப் பார்த்துத்தானே மாப்பிள்ளை ஓம் எண்டவர். கயிறு பிடிக்கத்தான் ஆள் தேடினவர். கடைசியில நல்ல இடமா அமைஞ்சுபோச்சு."

பத்மாசனி எழுந்து விளிம்புக்குப் போனாள். கனகலிங்கத்துக்கும் அது கேட்டிருந்தது. மூஞ்சி கறுத்துப்போயிற்று.

"தங்கச்சி," என்றான், "பிடிக்கவோ, விடவோ?"

முத்தலிப்பின் கையிலிருந்த புகைக்கொத்து நழுவியது. வாப்பாவின் சட்டத்தில் இப்படி ஒரு ஓட்டை இருப்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

"பிடி அண்ணை. ஒண்டு கேக்கவேணும்," என்றாள் பத்மாசனி. பிறகு கீழே பார்த்து, "இஞ்சாருங்கோ, பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு நான் என்ன நிறத்தில சேலை கட்டியிருந்தனான்?"

இறால் விலை நின்றது. வாய் மூடக்கூடாது என்ற சட்டம் நினைவுக்கு வந்து, அந்தக் குரல் சிவப்பு என்றது. கனகலிங்கம் ஒரு முழம் கயிற்றை விட்டான். பச்சை என்றது. இன்னொரு முழம். நீலம், மஞ்சள், கத்தரிப்பூ என்று அந்தக் குரல் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது.

"தங்கச்சி, கயிறு முடியப்போகுது," என்றார் முத்தலிப். "மிச்சம் எத்தினை நிறம் கிடக்கு?"

அப்போது சத்தம் நின்றுவிட்டது. பத்மாசனி அவரைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. கனகலிங்கம் மறுபடியும் தங்கையின் முகத்தைப் பார்த்தான், என்ன செய்வது என்று. அவள் அவனைப் பார்க்கவில்லை. பாய்ந்து கயிற்றைப் பிடித்துவிட்டாள். அவள் இழுத்த இழுப்பில் ஏரம்பு கல்லைத் தொடாமலே மேலே வந்தார் என்று அன்ஸார் பின்னாளில் பள்ளிவாசலில் வைத்தே சொல்லியிருக்கிறான். அந்த இடத்தில் பொய் சொல்லமாட்டான் என்று, கேட்ட நானும் மறுக்காமல் விட்டுவிட்டேன்.

விஷயம் இதுதான். கத்தரிப்பூ என்று வாய் திறந்தபோது ஒரு தேனீ உள்ளே போய்விட்டது. ஏரம்புவின் நாக்கு வீங்கி வாய்க்குள் அடங்கவில்லை. அவர் பின்னால் மிச்சத் தேனீக்களும் வந்தன. உச்சியிலிருந்த சுனைக்குள் ஐந்து பேரும் பாய்ந்து, மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தார்கள். அன்ஸார் மட்டும் கட்டுச்சோற்றையும் வெளியே நீட்டிப் பிடித்திருந்தான். தேனீக்கள் போனபின் எல்லோரும் அதே தண்ணீருக்குள் இருந்து, ஒரே இலையில் அதைச் சாப்பிட்டார்கள். ஏரம்புவால் முடியவில்லை. பத்மாசனி அவருடைய முகத்திலிருந்து கொடுக்குகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"றோசாப்பூ நிறச் சேலை," என்றாள். "சரி, கண்ணை முழுசாதேங்கோ. நானும் அண்டைக்கு உங்களைப் பாக்கேல்லை. வாசல்ல விட்டிருந்த உங்கட சைக்கிளைத்தான் பாத்தனான்."

கனகலிங்கம் சிரித்த சிரிப்பில் சுனைத் தண்ணீர் பாதி வெளியே போயிற்று.

நாக்கின் வீக்கம் வற்றி ஏரம்பு கதைக்கத் தொடங்கியதும், இனிக் கயிறு பிடிப்பது பத்மாசனிதான் என்றார். கனகலிங்கத்துக்குக் கோபம் வந்தது. எருமையை நிறுத்திய கைக்கு என்ன குறை என்று கேட்டான்.

"நீ கேட்டுப்போட்டுப் பிடிக்கிறவன்," என்றார் ஏரம்பு. "அவ கேளாமப் பிடிச்சவ."

பல தேன் காலங்கள் அந்த ஐந்து பேரும் ஒன்றாகத்தான் போனார்கள். கயிறு பிடிப்பதற்குப் பத்மாசனி ஒரு நிபந்தனை போட்டிருந்தாள், தனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கவேண்டும் என்று. அதன்படி மாலையில் முத்தையன்கட்டுக் குளக்கட்டில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஏரம்பு ஓடுவார். சீற்றில் இருப்பவளுக்குப் பின்னால் நடப்பது தெரியாது என்பதால், அவர் வாய் மூடாமல் கதைத்துக்கொண்டே ஓடவேண்டும். ஒருநாள் இறால் விலையில் தொடங்கினார். அவள் மிதிக்க மிதிக்க அந்தக் குரல் தூரத்தூரப் போயிற்று. அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் இடுப்பில் இரண்டு கைகளையும் ஊன்றி, துருசு மதகுக்குப் பக்கத்தில் நின்று, இன்னும் கதைத்துக்கொண்டிருந்தார்.