போணி அக்காவின் கால் கிரவுண்டு

ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை பதினொரு மணிக்கு அன்பரசி ஒரு மனை வாங்குவாள். மாலை நாலரை மணிக்கு அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். நான்கு வருடத்தில் இப்படி இருநூறு மனைகளுக்கு மேல் வாங்கியிருக்கிறாள். செங்கல்பட்டு மாவட்டத்தில் அவளைவிட அதிக நிலம் வாங்கியவர்கள் இருக்கலாம். ஆனால் அவர்களில் யாரும் மறுநாள் காலையில் சிறுசேரிக்குப் போய் சாப்ட்வேர் கட்டடத்தின் நாலாவது மாடிக் கழிப்பறையைத் துடைப்பதில்லை.

அவள் வாங்குகிற இடத்தின் பெயர் 'ஓஷன் பிரீஸ் சிட்டி'. திருக்கழுக்குன்றம் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் நெல்லிப்பேடு கிராமத்தில் இருக்கிறது. கடல் அங்கிருந்து பத்தொன்பது கிலோமீட்டர். காற்று அடித்தால் வருவது பக்கத்துக் கோழிப்பண்ணையின் வாசனை. வரவேற்பு வளைவின் மேல் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில், ஒரு விமானம், சிரிக்கும் வெள்ளைக்காரக் குடும்பம் எல்லாம் இருக்கும். மூன்றையும் நெல்லிப்பேட்டில் யாரும் பார்த்ததில்லை. 'சிறுசேரி ஐடி பார்க் 25 நிமிடம்' என்று கீழே எழுதியிருக்கும். தினமும் அதே சிறுசேரிக்குப் போய்வரும் அன்பரசிக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. அவள் போவது வேனில். இருபத்தைந்து நிமிடம் என்பது ஒருவேளை அந்த விமானத்துக்கான கணக்கு.

அவள் செய்த வேலைக்குத் தொழிலில் 'போணி பார்ட்டி' என்று பெயர். ஞாயிறன்று தாம்பரத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களை இலவசமாக அழைத்து வருவார்கள். பந்தல், மைக், மோர், மதியம் பிரியாணி. வந்தவர்கள் மண்ணை உதைத்துப் பார்ப்பார்கள், கிணறு வெட்டினால் எத்தனை அடியில் தண்ணீர் என்று கேட்பார்கள், பிரியாணி எப்போது என்று கேட்பார்கள். யாரும் முதல் ஆளாகக் கையை உயர்த்த மாட்டார்கள். அந்த நேரம் பார்த்து, வேனில் அவர்களோடு அவர்களாக வந்த ஒரு பெண் எழுந்து, "எனக்கு அந்த நாப்பத்தொண்ணாம் நம்பர் போடுங்க" என்பாள். போணி ஆகிவிட்டது. அடுத்த பத்து நிமிடத்தில் நாலு பேர் எழுந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கும்வரை எதையும் வாங்காத ஜனம் நம்முடையது.

இதற்கு அவளுக்கு அறுநூறு ரூபாயும் ஒரு பிரியாணிப் பொட்டலமும் கிடைக்கும். அவள் நீட்டும் கவரில் வெட்டிப் போட்ட பழைய நோட்டீஸ்கள் இருக்கும். மார்க்கெட்டிங் மேனேஜர் கார்த்தி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அசல் ரசீது எழுதிக் கொடுப்பான். மாலையில் அந்த ரசீதை வாங்கிக் கிழித்துப் போடுவான். நேரலை வீடியோவில் அவள் முதுகு மட்டும் தெரியும்படி போனை வைப்பதும் அவன்தான்.

வேறு சில ஏற்பாடுகளும் உண்டு. காலை ஆறு மணி ஆராதனை முடிந்ததும் அவள் ஷேர் ஆட்டோ பிடித்து சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போய், அங்கே வேனில் ஏற வேண்டும். ஏறும்போது நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு இருக்க வேண்டும். முதல் வாரமே கார்த்தி ஓர் அட்டை வாங்கிக் கொடுத்தான்.

"எந்த ஊருன்னு கேட்டா மறைமலை நகருன்னு சொல்லுக்கா. காலனின்னு வாயில வந்துறப் போவுது."

"வந்தா இன்னா ஆவும்?"

"ஒரு பிளாட்டும் வித்தாவாது. பொழப்பக் கெடுத்துறாதக்கா."

மாலையில் அந்தப் பொட்டைப் பிய்த்து வேன் சீட்டுக்கு அடியில் ஒட்டிவிடுவாள். நாலு வருடத்தில் அந்தச் சீட்டுக்கு அம்மை போட்டது போல் ஆகிவிட்டது.

அவளைத் தேர்ந்தெடுத்ததில் கார்த்திக்கு ஒரு கணக்கு இருந்தது. நெல்லிப்பேட்டுக் காலனிக்காரி, கூப்பிட்டால் வருவாள், கம்மிக் கூலி. அவன் கணக்கில் வராதது ஒன்று. மனைகளாக ஆவதற்கு முன்னால் அந்த நாற்பது ஏக்கர் கழனியில் அன்பரசி பதினோரு வயதிலிருந்து இருபத்தைந்து வரைக்கும் நாற்று நட்டிருக்கிறாள், களை பறித்திருக்கிறாள். எந்த மூலையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், எந்த மூலை எந்த மழைக்கும் நனையாது என்று அவள் காலுக்குத் தெரியும். ஏரியை ஒட்டிய மனைகளுக்குக் கம்பெனி வைத்த பெயர் 'லேக் வியூ'. ஐப்பசியில் லேக் வீட்டுக்குள்ளேயே வந்து வியூ காட்டும். போணி பண்ண கார்த்தி அவளுக்குக் கொடுப்பதும் அந்த நம்பர்களைத்தான், ஏனென்றால் அவைதான் நகரவில்லை. அவள் கேட்ட நம்பருக்குப் பக்கத்து நம்பரை ஜனம் கேட்கும். பாதி பள்ளம் அப்படித்தான் விற்றது. இதில் தனக்கும் பங்கு உண்டு என்பது அவளுக்குத் தெரியும். அறுநூறு ரூபாய்க்குத் தெரியாத மாதிரி இருந்தாள்.

அவளுடைய சொந்த வீடு ஏரிக்கரைப் புறம்போக்கில் இருந்தது. தை மாதத்தில் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். வருடத்துக்குள் காலி செய்ய வேண்டும். மாற்று இடம் கொடுப்பார்கள் என்று பேச்சு. எங்கே என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து அன்பரசிக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது: யாரும் நோட்டீஸ் ஒட்ட முடியாத ஒரு துண்டு நிலம், தன் பெயரில். அதுவும் எந்தத் துண்டு என்று அவளுக்குத் தெரியும். பதினாலாம் நம்பர். அறுநூறு சதுர அடி, கால் கிரவுண்டு. முன்பு களத்துமேடாக இருந்த இடம். நாலு வருடமாகக் கார்த்தி ஒரு தடவைகூட அவளைக் கேட்கச் சொல்லாத நம்பர்.

சதுர அடி ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய். கிட்டத்தட்ட ஒன்பது லட்சம். அவளால் ஆகாது.

அப்போதுதான் ஆடி மாதம் வந்தது.

ஆடியில் நிலம் வாங்க மாட்டார்கள். அட்வான்ஸ்கூடக் கொடுக்க யோசிப்பார்கள். மற்ற மாதங்களில் கூட்டம் நிற்கும் பதிவு அலுவலகத்தில் ஆடியில் ஃபேன் சத்தம் கேட்கும். வேன் காலியாகப் போவது பொறுக்காமல், கம்பெனி முதலாளி கோபாலகிருஷ்ணன் ஒரு திட்டம் போட்டார். 'ஆடி போணி! அன்றைய முதல் புக்கிங்குக்கு எந்த மனையும் சதுர அடி ரூ.699 மட்டுமே! முழுத்தொகை உடனே, பதிவு ஒரே வாரத்தில்!' பாதிக்கும் குறைந்த விலை. அதைப் பார்த்துக் கூட்டம் வரும். முதல் புக்கிங் எப்படியும் அன்பரசிக்குத்தான். தப்பித்தவறி வேறொருவர் முந்திக்கொண்டாலும், ஆடியில் எவன் பத்திரம் பதிவான்? 'ஆவணியில் வைத்துக்கொள்வோம்' என்பான். ஆவணியில் பழைய விலை. கோபாலகிருஷ்ணன் இரண்டு பூட்டு போட்டுத் தூங்கினார்.

அன்பரசி அந்த ஆடி அறிவிப்பை இரண்டு ஞாயிறு மைக்கில் கேட்டாள். மூன்றாம் ஞாயிறுக்குள் தன் சேமிப்பு, நகை, மகளிர் குழுக் கடன், ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கும் மகள் ஜெனிட்டாவின் சம்பளப் பணம் எல்லாவற்றையும் ஒரே காகிதமாக மாற்றினாள். கம்பெனி பெயருக்கு டி.டி. நாலு லட்சத்துப் பத்தொன்பதாயிரத்து நானூறு ரூபாய். பத்திரச் செலவுக்குத் தனியே எடுத்து வைத்தாள்.

அந்த ஞாயிறு அவள் பொட்டு வைக்கவில்லை. கார்த்தி கவனித்தான். வேனில் ஆள் இருந்ததால் கண்ணால் மட்டும் முறைத்தான்.

வேனில் அவளுக்குப் பக்கத்தில் சிறுசேரியில் வேலை பார்க்கும் தம்பதி, வெங்கடேசனும் ஹரிப்ரியாவும். வெங்கடேசன் வழியெல்லாம் போனில் சேட்டிலைட் வரைபடம் பார்த்துக்கொண்டு வந்தான்.

"அக்கா, இங்க தண்ணி நிக்குமா?" என்று ஹரிப்ரியா கேட்டாள்.

வழக்கமான பதில், 'சேச்சே, மேட்டு நெலம்மா' என்பது. அன்பரசி, "நானே இன்னிக்கி பாத்துத்தாம்மா எடுக்கப் போறேன்" என்றாள்.

பந்தலில் கார்த்தி மைக்கைப் பிடித்தான். பறவைகள், ஏர்போர்ட், எதிர்காலம் என்று எல்லாம் சொல்லி முடித்து, "இன்னிக்கி போணி யாருங்க?" என்றான். அன்பரசி எழுந்தாள்.

"பதினாலாம் நம்பர்."

கார்த்தி சொல்லி வைத்திருந்தது அறுபத்தி மூன்று. மைக்கை வாயிலிருந்து தள்ளிப் பிடித்து, "அறுபத்தி மூணுக்கா, அறுபத்தி மூணு" என்றான்.

"பதினாலு தம்பி. மைக்குல சொல்லு."

சொன்னான். கவரை வாங்கினான். வழக்கம்போல் கனமாகத்தான் இருந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டு ரசீது எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினான். அவள் நகரவில்லை.

"கவரைப் பிரிச்சுப் பாரு."

கார்த்திக்கு வியர்த்தது. உள்ளே இருக்கும் நோட்டீஸ் துண்டுகள் பந்தலில் பறப்பதை அவன் மனக்கண்ணில் பார்த்துவிட்டான்.

"எதுக்கு மேடம்? நம்பிக்கைதானே எல்லாம்."

"பிரிச்சு எண்ணிக்கோ. பின்னால தகராறு வரக்கூடாது."

"அவங்க கரெக்டாத்தான் சொல்றாங்க சார்" என்றான் வெங்கடேசன். "எண்ணாமயே ரசீது குடுப்பீங்களா? இதுதான் உங்க பிராசஸா?"

வேறு வழியில்லை. கார்த்தி கவரைப் பிரித்தான். ஆதார் நகல், பான் கார்டு நகல், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எட்டு, கடைசியில் டி.டி. தொகையைப் படித்தான். இன்னொரு தடவை படித்தான். நோட்டீஸ் துண்டுகளாக இருந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

வாசலில் ஏ.சி. காரில் இருந்த கோபாலகிருஷ்ணன் போன் வந்ததும் இறங்கி வந்து அன்பரசியைப் பந்தலுக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"இன்னா அன்பரசி, இன்னா டிராமா இது?"

"டிராமா நாலு வருசமா நடந்துச்சு சார். இன்னிக்கி லீவு."

"அந்த வெல ஜனத்துக்குடி. உனக்கு இல்ல."

"நான் இன்னா சார், ஜனம் இல்லியா?"

"ஆயிரம் ரூவா தரேன் வாரத்துக்கு. டி.டி.ய எடுத்துகினு போ."

"வேணாம் சார். நான் நெசமான பார்ட்டி இல்லன்னா, போயி மைக்குல சொல்லு. கேட்டுக்கறாங்க."

கோபாலகிருஷ்ணன் பந்தலை எட்டிப் பார்த்தார். ஏழு பேர் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்கள். நேரலை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கால் கிரவுண்டா, ஏழு புக்கிங்கா? அவர் அரை நிமிடம் யோசித்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. ஆடி!

நேராகப் போய் மைக்கை வாங்கினார். "நம்ம கம்பெனி சொன்னா சொன்னதுதான். மேடத்துக்குப் பதினாலாம் நம்பர், அறுநூத்தித் தொண்ணூத்தொம்பது ரூவா. ஒரே கண்டிஷன், ஒரு வாரத்துல பத்திரம். இல்லன்னா ஆஃபர் கேன்சல்." கைதட்டினார்கள். அவரும் தட்டினார்.

அன்பரசி கேமராவைப் பார்த்துத் திரும்பினாள். "நாளைக்கே வெச்சிக்கலாம் சார். காத்தால வந்துருங்க."

"நாளைக்கா? ஆடி மாசம்மா. யாராவது..."

"எங்க சர்ச்சு காலண்டர்ல ஆடி கெடையாது சார்."

வேனில் அவளிடம் முறுக்கு வாங்கித் தின்ற ஓர் அம்மா, விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். ஆனால் 'மலிவு' என்பது எல்லாச் சாதிக்கும் புரிகிற சொல். வெங்கடேசன் எழுந்து, "சார், பதினஞ்சு எவ்வளவு?" என்றான்.

மறுநாள் பதிவு அலுவலகத்தில் கூட்டமே இல்லை. அன்பரசி பத்து மணிக்கே ஜெனிட்டாவோடு வந்துவிட்டாள். கோபாலகிருஷ்ணன் பத்தரைக்கு வந்தார். எமகண்டம் என்று பன்னிரண்டு வரைக்கும் காரை விட்டு இறங்கவில்லை. நஷ்டத்துக்கு விற்பதையும் நல்ல நேரத்தில்தான் விற்பாராம். பன்னிரண்டு ஐந்துக்குக் கையெழுத்துப் போட்டார். ஆவணியில் பட்டாவும் அவள் பெயருக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேலை போயிற்று. புது போணி பார்ட்டியாக மீசை வைத்த ஒருவரைப் பிடித்தார்கள். அன்பரசி ஞாயிறுகளில் தன் மனையில் கல்தூண் நட்டுக் கம்பி வேலி கட்டினாள். வேனில் வந்தவர்கள் அங்கே நின்று கேட்டார்கள்.

"ஏம்மா, இங்க தண்ணி நிக்குமா?"

"இங்க நிக்காது. அங்க நிக்கும். ஐப்பசில வந்து பாரு நைனா."

இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. லேக் வியூ ஒன்றும் நகரவில்லை. கார்த்தி வந்து கெஞ்சினான். "அக்கா, வாய மூடிகினு இருக்க எவ்ளோ வேணும்?"

"அந்த வேலைய விட்டுட்டேன் கார்த்தி."

கம்பெனி மூளையைக் கசக்கி ஒரு முடிவெடுத்தது. பதினாலாம் நம்பரைத் தாண்டாமல், ஏரிக்கரைப் பக்கமாக வேனை உள்ளே கொண்டுவருவது. வழியில் கலர் கொடிகள் நட்டார்கள், செம்மண் கொட்டினார்கள், இன்னொரு வளைவு வைத்தார்கள். ஐப்பசி இரண்டாம் ஞாயிறு அந்தப் பாதையின் திறப்பு விழா. முந்தின நாள் விடிய விடிய மழை. வேன் வளைவைத் தாண்டி முப்பது அடி வந்து, அறுபத்தி மூன்றாம் நம்பரில் அச்சு வரைக்கும் இறங்கி நின்றது. டிரைவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க, மீசைக்காரர் போணி சொல்லாமலே கீழே குதித்து நடந்தார்.

பன்னிரண்டு வாடிக்கையாளர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சேற்றில் வரிசையாக வந்து, கண்ணுக்குத் தெரிந்த ஒரே காய்ந்த இடத்தில் ஏறி நின்றார்கள். பதினாலாம் நம்பர். பின்னாலேயே கார்த்தி பிரியாணி அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். வேலிக் கதவைத் திறந்துவிட்டது அன்பரசிதான். எல்லோரும் நின்றபடியே சாப்பிட்டார்கள். ஒருவர் முடித்துவிட்டு, பாக்குமட்டைத் தட்டைச் சுழற்றி மூலையில் எறிந்தார்.

"யோவ் அண்ணாத்த, தட்ட எடு" என்றாள் அன்பரசி. "கண்ட எடத்துல போடாத. பட்டா நெலம் இது."