கறுத்த கை

வரதராஜன்பேட்டை போகும் பஸ்ஸில், ஜன்னல் வழியாக முந்திரிக்கொட்டை வறுக்கும் புகை வந்தது. தொண்டை கரித்தது. என் சித்தியின் சேலையில் எப்போதும் இருந்த வாசனை.

அம்மா இறந்த பிறகு அப்பா கட்டிக்கொண்டவள் அவள். கூலிக்கு முந்திரி உடைப்பாள். கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டு விரல்களெல்லாம் கறுத்துத் தோலுரிந்திருக்கும். அந்தக் கையால் தலைவார நான் விட்டதே இல்லை. கதை மட்டும் கேட்பேன், தினமும் ஒரே கதை. கொடுமைக்காரச் சித்தி கடைசியில் பாம்பு கடித்துச் சாக வேண்டும். கதையில் வருகிறவளுக்கும் கை கறுப்பு என்று நானே சேர்த்துவிட்டிருந்தேன். சித்தி தவறாமல் அவளைச் சாகடிப்பாள்.

ஒருநாள் மாற்றிச் சொன்னாள். “அந்தச் சித்திக்கு, புள்ளைக்குத் தல வாரிப் பூ வச்சுப் பாக்கணும்னு ஆச. கை கறுப்பா இருக்குன்னு புள்ள கிட்டவே வுடல. அதான் அவளுக்குக் கோவம்.”

“அதெல்லாம் வேணாம்” என்று கத்தினேன். “அவ செத்தாளா இல்லையா?”

சித்தி கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். “செத்துட்டா, தங்கம்.”

இன்று காலை போனில் அப்பாவும் அதே சொல்லைத்தான் சொன்னார்.