பாவாடை கட்டிய வீரனும் பக்கத்தில் நின்றவளும்

எங்கள் சாப்பாட்டுக்கடையின் பின்சுவரில், சுண்ணாம்புக்கு அடியில் என் அம்மா இருக்கிறாள் என்று அத்தை சொன்னபோது நான் சின்னப்பிள்ளை. பேயாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வெகுநாள் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகுதான் தெரிந்தது, படமாக இருக்கிறாளாம்.

என்னைப் பெற்ற கையோடு அம்மா போய்விட்டாள். போட்டோ பிடிக்க வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் ஈப்போ டவுனுக்குத்தான் போக வேண்டும். தாப்பா பக்கம் ரப்பர்த் தோட்டத்து ஓரத்தில் கடை வைத்துப் பொழுதுக்கும் சோறு வடித்தவளுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? அதனால் அவள் முகம் எனக்குத் தெரியாது. என்னை வளர்க்க வந்த அத்தையோ தூரத்துப் பாகான் செராய் ஊர்க்காரி. அம்மாவை இரண்டொரு தடவை பார்த்ததோடு சரி. துருவித் துருவிக் கேட்டால், "ஒன்ன மாதிரித்தான் இருப்பா, கொஞ்சம் லெச்சணமா" என்பாள். அப்பாவிடம் கேட்கவே முடியாது. அம்மா பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

படம் வரைந்தவன் ஒரு கிரேக்கன். லூமுட் துறைமுகத்தில் நின்ற கப்பலிலிருந்து காய்ச்சலோடு இறங்கியவன், யாரோ ஒருவருடைய மாட்டுவண்டியில் தொற்றிக்கொண்டு எங்கள் கடை வாசலில் வந்து விழுந்தானாம். அம்மாதான் கஞ்சி ஊற்றித் தேற்றினாள். எழுந்து நடமாடத் தொடங்கியதும், தின்ற சோற்றுக்குப் பதிலாகக் கப்பலுக்கு அடிக்கிற சாயத்தை எங்கிருந்தோ வாங்கி வந்து, பலகைச் சுவர் முழுக்க அவன் ஊர்க் கதையை வரைந்து தள்ளிவிட்டான்.

"குதிரை மேல ஒரு வீரன். பாவாடை கட்டியிருப்பான்" என்பாள் அத்தை, தோட்டத்து ஆட்களிடம் கேட்டதை வைத்து.

"பொம்பளையா?"

"மீச வச்ச ஆம்பளடி! அவங்க ஊர்ல அப்படித்தானாம்."

தோட்டத்து ஆட்கள் குதிரையைப் பார்த்ததும் அது நம்ம காவல் சாமிதான் என்று முடிவுகட்டிச் சூடம் கொளுத்திவிட்டார்கள். கிரேக்கன் கையை ஆட்டி ஆட்டி மறுத்துப் பார்த்தானாம். கடைசியில் அவனும் கன்னத்தில் போட்டுக்கொண்டு திருநீறு பூசிக்கொண்டானாம். குதிரைக்குப் பக்கத்தில் சோறு போடுகிறவளாக அம்மாவை நிறுத்தியிருந்தான். அவன் ஊர் போய்ச் சேர்ந்தானா இல்லையா, யாருக்கும் தெரியாது. அம்மா செத்த பிறகு அப்பா சுண்ணாம்பைக் கரைத்துச் சுவர் முழுக்க அடித்தார். அப்புறம் தீபாவளிக்குத் தீபாவளி அதன்மேல் இன்னொரு பூச்சு.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு இடதுகைப் பழக்கம். வீட்டிலேயே ஏச்சு வாங்குகிற பழக்கம் அது. சாப்பாட்டுக்கடையில் சொல்லவே வேண்டாம். இடது கையால் பரிமாறினால் இலையில் உட்கார்ந்தவன் எழுந்து போய்விடுவான். அத்தை கரண்டியைப் பிடுங்கி வலது கையில் திணிப்பாள், புறங்கையில் ஒரு போடும் போடுவாள். அப்பா அடிக்கமாட்டார். நான் மறந்துபோய் இடது கையால் குழம்பு ஊற்றினால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். அத்தை அடியெல்லாம் எனக்குத் தூசு. அப்பா முகத்தைத் திருப்புவதுதான் பொறுக்காது. அதற்காகவே வலது கைக்குப் பழகினேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் பின்பாதியில், மலைக்கு ரோடு போடுகிறோம், கடையை எடு என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். தாப்பா டவுனில் வேறு கடை பார்த்தாயிற்று. பழைய பலகையை விறகுக்குப் போட்டுவிடலாம் என்றார் அப்பா.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வெறகுக்கா? எங்கம்மாவையா?" என்று கடை அதிரக் கத்திவிட்டேன். அப்பா வெற்றிலையை மென்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை அல்லவா? அது போதும் எனக்கு. வண்டிக்கார அண்ணனைப் பிடித்து ஆணியைப் பிடுங்கவைத்து, இடம் மாறாமலிருக்கப் பின்புறம் கரியால் கோடு போட்டு, அத்தனை பலகையையும் டவுனுக்கு ஏற்றி, புதுக்கடைச் சுவராக அடிக்கவைத்தேன்.

பித்தளைக்குப் போடுகிற புளியைக் கரைத்துத் துணியில் நனைத்துச் சுண்ணாம்பின் மேல் தேய்த்தேன். மெல்ல நுரைத்துக் கரைந்து வந்தது. முதலில் வெளிப்பட்டது ஒரு கண், உருண்டைக் கண். அம்மா என்று அவசர அவசரமாகத் துடைத்தால் அது குதிரை. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அடுத்து பாவாடை வந்தது, அடேயப்பா, எத்தனை மடிப்பு! மீசை வந்தது. அடுத்த பலகையில் ஒரு சேலைத் தலைப்பு. அடுப்பில் உலை கொதித்து வழிவதுகூடத் தெரியாமல் தேய்த்தேன்.

முகம் வந்தது. வீரனுக்கு என்ன முகமோ அதே முகம், மீசை மட்டும் இல்லை. கண் குதிரையின் கண். அந்த மனுசனுக்கு வரையத் தெரிந்தது ஒரே ஒரு முகம்தான் போலிருக்கிறது. துணியை வீசிவிட்டு உட்கார்ந்து அழுதேன். இத்தனை வருசம் காத்திருந்து கண்டது இதுதானா என்று அந்தக் கிரேக்கனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

மிச்சத்தை நான் தொடவில்லை. உதிர்ந்த இடங்களில் சாயம் தொட்டு வைக்க, ஈப்போவில் கடைகளுக்குப் போர்டு எழுதும் அண்ணன் ஒருவரை வரவழைத்திருந்தேன். அவரே மீதியையும் துடைத்தார். மதியச் சோறு வடிக்கிற நேரத்தில் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இங்க வந்து பாரு. படம் போட்ட ஒங்க ஆளு தப்பு பண்ணிட்டான் லா."

போய்ப் பார்த்தேன். அம்மாவின் வலது கையில் சட்டி. கரண்டி இடது கையில்.

"சோத்துக்கடையில இத மாட்டி வச்சா எவன் உள்ள வருவான்? கொஞ்ச நேரம் இரு, கரண்டிய இந்தக் கைக்கு மாத்திடறேன்" என்று தூரிகையைச் சாயத்தில் தோய்த்தார்.

"மாத்திடுப்பா, பாக்கவே நல்லால்ல" என்றாள் அத்தை.

"அத்த, அம்மாவுக்கு எந்தக் கை?"

"எனக்கெங்கடி ஞாபகம்? ரெண்டு தடவ பாத்தேன், அப்ப அவளா எனக்குச் சோறு போட்டா?"

ஒரே முகத்தை எல்லாருக்கும் ஒட்டியவன் கையை மட்டும் சரியாகப் பார்த்தா போட்டிருப்பான்? தப்பாகவும் இருக்கலாம். "அண்ணே, இருங்க" என்று சொன்னேன். அவர் தூரிகையைச் சுவருக்குக் கொண்டுபோய்விட்டார்.

"அதத் தொடாத."

வாழையிலைக் கட்டோடு அப்பா வாசலில் நின்றிருந்தார். பலகைகள் டவுனுக்கு வந்ததிலிருந்து அந்தச் சுவர்ப்பக்கம் திரும்பிப் பார்க்காதவர், இப்போது கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

"அவன் தப்பாப் போடல. அவ அந்தக் கையாலதான் போடுவா. எம்புட்டுச் சொன்னாலும் கேக்கமாட்டா. கெளம்பிப் போனவனும் உண்டு. போறவன் போகட்டும்னுவா." இலைக்கட்டைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ அந்தக் கையால ஊத்துனா என்னால பாக்க முடியலம்மா. வேற ஒன்னுமில்ல."

அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். போர்டு அண்ணன் தூரிகையைக் கழுவப் போய்விட்டார்.

அப்பாவுக்கு இலை போட்டேன். சோறு வைத்தேன். குழம்பு வாளியைத் தூக்கிப் பழக்கதோஷத்தில் வலது கையில் கரண்டியை எடுத்தேன்.

"அந்தக் கையில எடு" என்றார்.

மாற்றினேன். பழக்கம் விட்ட கை. குழம்பு பாதி சோற்றிலும் பாதி இலைக்கு வெளியிலும் விழுந்தது. அப்பா முகத்தைத் திருப்பவில்லை. நான் ஊற்றி முடிக்கும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.