இடது பக்கத்தில் நான்கு இருக்கை

இந்த ஊரில் மரங்கள் இலையைக் கொட்ட ஆரம்பித்ததும் யாரும் யாரையும் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. "உர்லாப் எங்கே?" என்றுதான் கேட்கிறார்கள். உர்லாப் என்றால் விடுமுறைப் பயணம். நான் வேலை செய்யும் திருகாணித் தொழிற்சாலையில் காலை இடைவேளைக்கு மணி அடித்தால், ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே படப்புத்தகத்தைப் பிரித்துவிடுகிறார்கள். வழவழவென்று, செங்கல் கனத்தில் இருக்கும். உள்ளே எத்தனை பக்கம் புரட்டினாலும் ஒரே படம்தான்: மணல், சாய்ந்த தென்னை, குப்புறப் படுத்த ஒரு பெண். தீவின் பெயர் மட்டும் மாறும். என் பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் ஹோர்ஸ்ட் விரலில் எச்சில் தொட்டுப் புரட்டிக்கொண்டே, நீ எந்தத் தீவு என்று கேட்டான். என் ஊர் மலை என்றேன். மலையில் பனிச்சறுக்கு உண்டா என்றான். சாமை உண்டு என்றேன். அதற்கு மேல் அந்தப் பேச்சு ஓடவில்லை.

இவர்கள் அங்கே போய் என்னதான் செய்கிறார்கள் என்று நானும் விசாரித்துப் பார்த்தேன். ஒன்றும் செய்வதில்லை. படுக்கிறார்கள். ஒரு பக்கம் காய்ந்ததும் மறு பக்கம் திரும்பிப் படுக்கிறார்கள். எங்கள் மலையில், ஜமுனாமரத்தூர் பாறைகளில் நாங்கள் புளியைக் காயப்போடுவோமே, அதே வேலைதான். தடி எடுத்துத் தட்டிக் கொட்டை நீக்காதது ஒன்றுதான் குறை. வருஷம் முழுக்கச் சம்பாதித்ததைக் கொடுத்து, பத்து மணி நேரம் ஆகாயத்தில் முட்டி மடக்கி உட்கார்ந்து போய், நம் ஊரில் ஆடு மேய்ப்பவனுக்குச் சும்மா கிடைக்கும் வெயிலை வாங்கி வருகிறார்கள். திரும்பி வந்ததும் சட்டைக் கையை மடித்து விட்டு ஒருவருக்கொருவர் நிறம் காட்டிக்கொள்கிறார்கள். அந்தப் போட்டிக்கு என்னை யாரும் அழைத்ததில்லை.

குமரா, மல்லிகா, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்கள் படித்தாலும் படிக்கட்டும். ஒரு வருஷம் நாமும் சிலோனுக்குப் போனோம். நம் மலையைத் தாண்டிக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் தீவுக்கு, உலகத்தின் இந்தக் கோடியிலிருந்து, மணலில் படுப்பதற்காகப் போனோம். நீங்கள் பெரியவர்களானதும் ஏன் அப்படிச் செய்தோம் என்று கேட்பீர்கள். அப்போது நான் என்ன மனநிலையில் இருப்பேனோ தெரியாது. இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் எட்டாவது வரை படித்து மலை மேல் ஜீப் ஓட்டினவன். ஜீப்பில் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு கீழே ஆஸ்பத்திரிக்குப் போவேன். அங்கே நர்ஸாக இருந்தவள் உங்கள் அம்மா சரோஜா, ஊர் கணியம்பாடி. இந்த நாட்டுக்கு நர்ஸ் வேண்டுமென்று கூப்பிட்டபோது அவளைத்தான் கூப்பிட்டார்கள். நான் கூட வந்தவன். எங்கள் கல்யாணத்தில் என் அண்ணனுக்குச் சம்மதம் இல்லை. மலையில் பிறந்தவன் கீழ்நாட்டில் பெண் எடுத்தால் எங்கள் வீட்டில் அதை முழுக் கல்யாணமாக எண்ணுவதில்லை. பெண் வரலாம், போகலாம். ஆனால் புதுச் சாமை பொங்கும் அறைக்குள் கால் வைக்கக் கூடாது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சாமை அறுத்துக் குத்திய பிறகு அண்ணன் ஒரு நாள் பார்ப்பார். அன்றைக்குப் புதுப் பானையில் பொங்கி, வீட்டுக்காரர்கள் எல்லாரும் உள் அறையில் கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதில் ஒரு வாய் சாப்பிட்ட பிள்ளைதான் அந்த வீட்டுப் பிள்ளை. சாப்பிடாதது, யார் பெற்றிருந்தாலும், விருந்தாளி. நீங்கள் இருவரும் இன்னும் விருந்தாளிகள்தான். என் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

அதற்கு முன்பு, மல்லிகா நடை பழகிய வருஷம், நாம் ஊருக்குப் போயிருந்தோம். பானை பொங்கிவிட்டது. அம்மா உங்கள் இருவர் முகத்தையும் கழுவி, தலை வாரி, வாசல் வரை கொண்டுவந்தாள். அண்ணன் நிலைப்படியில் நின்றார். குரலை உயர்த்தவில்லை, கோபமும் இல்லை. ஆட்டுக்குத் தழை போடச் சொல்வது போலத்தான் சொன்னார்.

"புள்ளிங்கள உள்ள இட்டாடா தம்பி. அது அங்கயே குந்தட்டும்."

அது என்றது உங்கள் அம்மாவை. ஆஸ்பத்திரியில் டாக்டர்களே சிஸ்டர் என்று எழுந்து பேசுகிறவளை. தூறல் வேறு. அவள் முற்றத்தில் எங்கள் பயணப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். குமரன் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வர மாட்டேன் என்றான்; அவனைப் பார்த்து மல்லிகாவும் அழுதாள். நானும் வெளியே வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். உள்ளே அவர்கள் சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்டது கேட்டது. அதே வாரம் முழுக்க அதே வீட்டார், அக்கம்பக்கத்தார், மாமன் மச்சான் எல்லாரும் வரிசையில் நின்று அவளிடம் ஊசி போட்டுக்கொண்டார்கள். கீழ்நாட்டுக் கை ஊசி பிடித்தால் தீட்டில்லை போலிருக்கிறது. கிளம்பும்போது அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டு, அடுத்த தடவை அதைக் கணியம்பாடியில் அதன் அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் பிள்ளைகளை மட்டும் கொண்டு வா, எல்லாம் சரியாகிவிடும் என்றார். பெரிய விட்டுக்கொடுத்தல் செய்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

அப்படியிருந்தும் நான் போக நினைத்தேன். இன்னொரு தடவை கேட்டால் இளகுவார் என்று ஒரு எண்ணம். ஆகவே அம்மாவுக்குக் குளிர்கால விடுப்பு கிடைத்ததும் ஊருக்கு டிக்கெட் பார்க்கலாம் என்றேன். அவள் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. வார்டில் கூட வேலை செய்யும் பெண்கள் சிலோனுக்குப் போய் வந்ததைச் சொன்னாள். நீங்களோ அந்தப் படத்தைக் கத்தரித்து ஐஸ்பெட்டியில் ஒட்டி வைத்திருந்தீர்கள்.

"படுத்துக் கெடக்கறதுக்கா அவ்ளோ தூரம்?" என்றேன்.

"ஆமா. படுத்துக் கெடக்கத்தான். ஒருத்தரும் கைய நீட்டி ஊசி போடுன்னு வரமாட்டாங்க இல்ல?"

"அண்ணன்கிட்ட நான் பேசறேன் சரோஜா."

"பேசுங்க. வேணான்னு சொல்லல. ஆனா நீங்க பேசி முடிக்கற வரைக்கும் நான் வெளிய குந்திகினு இருக்கமாட்டேன். என் புள்ளிங்களும் என்ன விட்டுட்டு உள்ள போவாது."

அவ்வளவுதான் பேச்சு. கல்லில் சப்பாத்தி உப்பிக்கொண்டது. எனக்கு அண்ணன் மேல் வந்த அருவருப்பும் தீவுக்குப் போய்ப் படுக்கிற இவர்கள் மேல் இருந்த அருவருப்பும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ஒருவன் உள்ளே விடமாட்டேன் என்கிறான். இன்னொருவன் காசைக் கொடுத்தால் வந்து படு என்கிறான். எனக்குப் போக்கிடம் என்று இரண்டே பக்கம்தான், இரண்டின் லட்சணமும் இது.

பயணச்சீட்டு விற்கும் கடைக்கு இங்கே ரைஸ்பூரோ என்று பெயர். அங்கே ஒரு பெண், உதட்டுச் சாயம் கலையாமல் சிரிக்கப் பழகியவள். விமானம் பம்பாயில் எண்ணெய் போட இறங்கும் என்றாள். அப்படியானால் நான் பம்பாயில் இறங்கிக்கொள்கிறேன், நான்கு நாளில் ஊருக்குப் போய் அண்ணனிடம் பேசிவிட்டுச் சிலோனுக்கு வந்து சேருகிறேன் என்று மனக்கணக்குப் போட்டு அவளிடம் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பம்பாயில் யாரும் இறங்கக் கூடாதாம். மொத்தமாக வாடகைக்குப் பிடித்த விமானமாம். ஏறினால் தீவு, தீவில் ஏறினால் இங்கே. காட்பாடியில் ரயில் நின்றால் இறங்குகிறவன் இறங்குவான். சொந்த நாட்டில் வண்டி நிற்கிறது, இறங்கக் கூடாது என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே சொல்கிறாள். பம்பாயில் பார்க்க ஒன்றுமில்லை, ஏழ்மைதான், உங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்று ஆறுதலும் சொன்னாள். எனக்கு, என் நாட்டைப் பற்றி.

சரி, உட்காரும் இடத்தையாவது நான் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். இடது பக்கம் ஜன்னலோரம் வேண்டும் என்றேன். பம்பாயிலிருந்து தெற்கே போனால் நம் மலை இடது கைப் பக்கம் அல்லவா வரும். கீழே இறங்கத்தான் முடியவில்லை, மேலேயிருந்தாவது பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம் என்று கணக்கு. அவள் யோசித்துவிட்டு, காலையில் இடது பக்கம் வெயில் அடிக்கும், உங்களுக்கு வலது பக்கம்தான் நல்லது என்று எழுதப் போனாள். வெயிலில் படுக்க ஊரையே அனுப்பி வைக்கிறவள், என்னை வெயிலிலிருந்து காப்பாற்றுகிறாள். இடது என்று மேசையைத் தட்டிச் சொன்னேன்.

அடுத்தது முன்னாலா பின்னாலா. பின் வரிசைகள் சிகரெட் பிடிப்பவர்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். வானத்தில் கதவடைத்த பெட்டிக்குள் பாதிப் பேர் புகை விட, மீதிப் பேர் அது எல்லை தாண்டி வராது என்று நம்பி உட்கார்ந்திருப்பது இவர்களுக்குப் புத்திசாலித்தனம். அது இல்லாவிட்டாலும் நான் பின்னால் உட்காரமாட்டேன். கலசப்பாக்கத்திலிருந்து மலை ஏறும் பஸ்ஸில் வளர்ந்தவன் நான். பின் சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்தவன் ஒவ்வொரு வளைவிலும் தலையை வெளியே நீட்டி வாந்தி எடுப்பான். டிரைவர் பக்கம் உட்கார்ந்தால் எஞ்சின் சூடு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் சரி நடுவில் உட்கார்ந்தவன்தான் ஜமுனாமரத்தூர் வரை தூங்கிக்கொண்டு போவான். அந்த இடத்துக்காக ஜன்னல் வழியே துண்டு போட்டுச் சண்டை பிடித்திருக்கிறேன். அதனால் அவள் நீட்டிய படத்தில் சரி நடுவில் விரலை வைத்தேன். இடது பக்கம், நடுவில், நான்கு பேருக்கும். நல்ல தேர்வு, அங்கே ஆட்டம் தெரியாது என்றாள். முதல் தடவையாக அவளுக்கும் எனக்கும் கருத்து ஒத்துப்போனது.

கிளம்பும் நாளில் விமானம் நிறைய, கிளம்பும்போதே தீவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டவர்களைப் போல அரைக்கால் சட்டை போட்ட ஆட்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நாம் போய் உட்கார்ந்தோம். குமரன் ஜன்னலுக்கு ஓடினான். ஓடினவன் திரும்பி என்னைப் பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே, எங்கள் சாமைக் காட்டில் ஒரு துண்டு அளவுக்கு, இறக்கை விரிந்து கிடந்தது. தரை, வானம், எதுவும் இல்லை. தகரம். பஸ்ஸுக்கு இறக்கை கிடையாது. நான் என்ன செய்வேன். உங்கள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

பம்பாயில் கதவைத் திறந்தார்கள். ஊர்க் காற்று உள்ளே வந்தது. பெருக்குகிறவர்கள் ஏறி, நம் காலுக்கடியில் பெருக்கிவிட்டு, நம்மை மேலும் கீழும் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்கள். அவர்கள் இறங்கலாம். கதவை மூடினார்கள்.

விமானம் மறுபடி மேலே ஏறி, காலைச் சிற்றுண்டியும் கொடுத்துத் தட்டை எடுத்துப்போன பிறகு, நான் கண்ணை மூடிக்கொண்டேன். தகரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு அது மேல். அம்மா கழிப்பறைக்கு என்று பின்னால் போனாள். போனவள் வேகமாக வந்து என் தோளைத் தொட்டாள்.

"இன்னாங்க, ஏந்திரிங்க. புள்ளிங்கள இட்டுகினு பின்னாடி வாங்க. கீழ மலை தெரியுது."

பின் வரிசையில் புகை மண்டியிருந்தது. ஒரு தடித்த ஆசாமி ஜன்னலோரம் சிகரெட்டோடு உட்கார்ந்திருந்தார். அம்மா ஏற்கெனவே அவரிடம் சொல்லி வைத்திருந்தாள் போலிருக்கிறது. முட்டியை ஒதுக்கி வழி விட்டார். உங்கள் இருவரையும் அவர் மடிக்குக் குறுக்கே சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். கீழே ஒரு மலை இருந்தது. காடும் பாறையும், நடுவில் நூல் மாதிரி ஒரு பாதை. அது நம் ஜவ்வாது மலையோ, வேறு யாருடைய மலையோ எனக்குத் தெரியாது. எந்த மலையின் மேலும் பெயர் எழுதியிருக்கவில்லை. அப்பா, நம்ம வூடு எது என்று மல்லிகா கேட்டாள். அதோ என்றேன். ஏதோ ஒரு பாறை. நீங்கள் இருவரும் அதற்குக் கை ஆட்டினீர்கள்.

அங்கே என்ன இருக்கிறது என்று அந்த ஆசாமி கேட்டார். என் வீடு என்றேன். அவர் எட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லையே, கொஞ்ச நேரத்தில் கடல் வந்துவிடும், அதுதான் அழகாக இருக்கும் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதற்கு மேல் அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

உங்கள் அம்மா எனக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயணத்துக்கென்று வாங்கிய கால்சட்டையும் கம்பளிச் சட்டையும் போட்டிருந்தாள். நம் பக்கத்தில் புருஷனுடைய அண்ணன் எதிரே வந்தால் பெண்கள் ஒதுங்கி நின்று முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொள்வார்கள். அவள் அந்த மலையைப் பார்த்தபடியே கையைத் தோளுக்குக் கொண்டு போனாள். கம்பளிதான் கையில் அகப்பட்டது. அதை லேசாக இழுத்துவிட்டாள். கீழே மேகம் வந்து மூடிய பிறகும் கை தோளிலேயே இருந்தது.