கம்பம் நட்ட அன்றைக்கு வந்த மச்சான்

எங்கள் மாரியம்மனுக்குப் புருஷன் ஒரு மரக்கிளை. ஆடியில் மூன்று கவையுள்ள கிளையை வெட்டி, பட்டை உரித்துக் கோயில் முன்னால் நடுவோம். அதுதான் கம்பம். இரண்டு வாரம் பெண்கள் காலையில் அதற்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அதுவரை எந்த வீட்டிலும் தாளிப்பு கிடையாது. அம்மனுக்குச் சூடு ஆகாது. இன்னொரு கட்டும் உண்டு. கம்பம் நட்ட இரவு ஊருக்குள் தூங்கியவர், அதைப் பிடுங்கும்வரை வெளியூரில் போய்த் தூங்கக் கூடாது.

போன வருஷம் அதில் மாட்டியவர் என் மச்சான், அக்காவின் வீட்டுக்காரர்.

சேலத்தில் மில் வேலை போன பிறகும் அதை மறைத்து, அக்கா கட்டிக்கொடுத்த சோற்றைத் தினமும் எடுத்துப்போய் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து தின்றுவிட்டு, சாயங்காலம் களைத்தவர் மாதிரி வீடு திரும்பியவர் அவர். வேலை போனதை அக்கா பொறுத்திருப்பாள். அந்த டிபன் பாக்ஸைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. ஏற்காட்டுக்கு, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

கம்பம் நட்ட அன்றைக்கு, அவள் விட்டுவந்த தையல் மெஷினைக் கொடுக்க வந்ததாகச் சொல்லி மச்சான் வந்து இறங்கினார். கடைசி பஸ்ஸை விட்டார். கூடத்தில் பாய் போட்டுக் கொடுத்தோம்.

"கம்பம் புடுங்கற வரைக்கும் நீங்க இந்த ஊருதானுங்க மச்சான்," என்றேன் காலையில். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். உள்ளுக்குள் எரிச்சல். அக்கா முகத்தைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது.

கம்பத்துக்கு ஒரு கதை உண்டு. அம்மனைப் பொய் சொல்லிக் கட்டிக்கொண்டானாம் அந்தப் புருஷன். தெரிந்ததும் அவளே அவன் தலையை எடுத்தாளாம். பிறகு மனசு கேட்காமல், வருஷா வருஷம் அவனைக் கொஞ்ச நாள் பிழைக்க வைத்துக் கூட வைத்துக்கொள்கிறாளாம். கதையின் பின்பாதியை என் மனைவி அக்கா காதில் விழும்படி அடிக்கடி சொன்னாள். அக்கா தலையை எடுத்ததோடு கதையை முடித்துக்கொள்வாள்.

மச்சான் ஒண்டிக்கடை முக்கில் இருக்கும் என் பழக்கடைக்கு வந்து உட்கார்ந்தார். பேரிக்காய் இனிக்குமா என்று கேட்ட டூரிஸ்டிடம், "சுமாராத்தானுங்க இருக்கும்," என்று சொல்லி வியாபாரத்தைக் கெடுத்தார். நல்ல நேரம் பார்த்து அரிச்சந்திரனாகிவிட்டார் என்று திட்டினேன். வீட்டில் அதைச் சொன்னபோது அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைத்தாள் என்று இப்போது தோன்றுகிறது. அவருக்குத் தட்டு வைப்பாள், பேச மாட்டாள்.

கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்டார்கள். அம்மனுக்கு வெள்ளைச் சேலை கட்டினார்கள். அக்கா அழுத அழுகையை நான் எங்கள் அப்பா சாவில்கூடப் பார்த்ததில்லை.

மத்தியானம் மச்சான் பையை எடுத்தார். அக்கா அடுப்பில் எண்ணெய் வைத்திருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"ஏனுங்க, அன்னிக்குக் கம்பம் நடறாங்கன்னு தெரிஞ்சுதான வந்தீங்க?"

அவர் இல்லை என்று இன்னொரு பொய் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது.

"ஆமா புள்ள. தெரிஞ்சேதான் பஸ்ஸ உட்டேன்."

அக்கா கடுகு டப்பாவை எடுத்துத் திறந்தாள்.

"ஆத்தாளாட்டம் வருசா வருசம் நட்டு நட்டுப் புடுங்க எனக்குத் தெம்பு இல்லீங்க. பையை உள்ள வைங்க."

சொல்லிவிட்டுக் கடுகை எண்ணெயில் போட்டாள்.